வின்ஃபோர்ட் ஒன்பது, மேப்பிள்டன் நாற்பத்தொன்று

"ஆர்லன், நாளைக்கு மதியம் உங்க பொண்ணைச் சாப்பிடக் கூட்டிட்டு வாங்க. வின்ஃபோர்ட்ல எப்படிப் படிக்கணும், யார்கிட்ட படிக்கணும்னு நானே அவளுக்குச் சொல்றேன்" என்றார் ட்ரூடி ஆஸ்ட்ராண்டர்.

ஆர்லன் ப்ரூட்டுக்கு வாயிலிருந்த காபி இறங்க மறுத்தது. ட்ரூடி, கொலம்பஸ் நகரத்து அந்த இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அவருடைய மேலதிகாரி. அந்த அம்மாளின் அறைச் சுவரில் வின்ஃபோர்ட் பிசினஸ் ஸ்கூலின் நீலக்கொடி தொங்கும். தரவரிசையில் நாட்டிலேயே ஒன்பதாவது இடம்.

ஆர்லனின் மகள் டெஸ்ஸாவை வின்ஃபோர்ட் மிக மரியாதையாக வேண்டாமென்று சொல்லிவிட்டது. கிடைத்தது மேப்பிள்டன். நாற்பத்தோராவது இடம். டெஸ்ஸாவுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. குறை முழுக்க அப்பாவுக்குத்தான். போன வாரம் பக்கத்து மேசை ராய்ஸ், தன் மகனுக்குப் பதினான்காவது இடத்துக் கல்லூரி கிடைத்ததென்று ஆபீஸ் முழுக்க டோனட் கொடுத்தார். டோனட்டை மென்றுகொண்டே ஆர்லன், "டெஸ்ஸாவுக்கு வின்ஃபோர்ட் கிடைச்சிருக்கு" என்று சொல்லிவிட்டார். அது இப்போது மேலதிகாரி வரை போயிருக்கிறது.

"இல்ல ட்ரூடி, அவ வின்ஃபோர்ட்டை வேண்டாம்னுட்டா" என்றார், மாட்டிக்கொள்ளாமல் இருக்க.

ட்ரூடியின் புருவம் ஏறியது. "வேண்டாம்னுட்டாளா? வேற எங்க போறா?"

"மேப்பிள்டன்."

ட்ரூடி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "ஏன்?"

அந்த ஒற்றைச் சொல்லுக்கு ஆர்லன் கால் மணி நேரம் பதில் சொன்னார். இந்தத் தரவரிசையே ஒரு டீன் இன்னொரு டீனுக்குப் போடும் மார்க்குதான், பழைய பேருக்குத்தான் மார்க், பாடத்துக்கு இல்லை என்றார். வின்ஃபோர்டில் முதல் வருடப் பிள்ளைகள் பேராசிரியரைத் திரையில்தான் பார்ப்பார்கள், மேப்பிள்டனில் அவர் வீட்டு நாய் பெயர்கூடத் தெரிந்திருக்கும் என்றார். நாய் எங்கிருந்து வந்ததென்று அவருக்கே தெரியவில்லை.

"அங்க கட்டடமெல்லாம் ஓட்டை உடைசல்னு கேள்விப்பட்டேனே" என்றார் ட்ரூடி.

"கட்டடமா ட்ரூடி பாடம் நடத்துது?"

ட்ரூடி கண் இமைக்காமல் பார்த்தார். "இதையெல்லாம் எல்லாருக்கும் சொல்லணும் நீங்க. வெள்ளிக்கிழமை மதியம், பெரிய அறையில."

வீட்டில் டெஸ்ஸா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அப்பா, நான் படிக்கப்போற காலேஜை நீங்க எட்டிக்கூடப் பார்த்ததில்ல. பார்க்கப் போன அன்னிக்குக் கார்லயே தூங்குனீங்க."

"அதான் உன்கிட்ட கேக்கறேன். சொல்லிக் கொடு."

"உண்மையைச் சொல்லிடுங்க. அது ரொம்பச் சுலபம்."

ஆர்லன் சுலபமான வழிக்குப் போகிறவர் இல்லை. வெள்ளிக்கிழமை படம் போட்டு விளக்கினார். சோற்றுக்கும் சோப்புக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளையைக்கூட மேப்பிள்டன் நாலு வருடத்தில் கடை நடத்த வைத்துவிடும் என்று பேசினார். ராய்ஸ் முகம் வாடிப்போய், "என் பையன் பணம் கட்டிட்டானே" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஆர்லனுக்கே மேப்பிள்டனில் சேரவேண்டும் போலிருந்தது.

திங்கட்கிழமை ட்ரூடி அவரைக் கூப்பிட்டார். "கேல்வினை வின்ஃபோர்ட்ல சேர்க்கறதா இருந்தோம். வேண்டாம்னு எழுதியாச்சு. உங்க புண்ணியத்துல அவனும் மேப்பிள்டன்தான்."

கேல்வின், ட்ரூடியின் ஒரே மகன். ஆர்லனுக்குக் காதுக்குள் கொய்யென்றது.

"கொஞ்சம் யோசிச்சு முடிவெடுக்கலாமே ட்ரூடி. வின்ஃபோர்ட்டும் மோசமில்ல. ஒன்பதாவது இடம்..."

"பார்த்தீங்களா, என் மனசு நோகக் கூடாதுன்னு பேசறீங்க. உங்களை மாதிரி நேர்மையான ஆளைப் பார்க்கறது கஷ்டம். சனிக்கிழமை எங்க வீட்டுல விருந்து. டெஸ்ஸாவும் வரணும்."

அந்த வாரம் ஆர்லன் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு பையனின் ஒன்பதாவது இடத்தைத் தன் வாயால் நாற்பத்தொன்றாக்கிவிட்டோமே என்று குமைந்தார். வேலை போனாலும் பரவாயில்லை, சனிக்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

ட்ரூடி வீட்டுப் புல்வெளியில் மேப்பிள்டனின் பச்சை நிறத்தில் பலூன்கள் ஆடின. கேல்வின் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு டெஸ்ஸாவிடம் விடுதி அறைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். ட்ரூடியைச் சுற்றி ஒரே கூட்டம். எல்லோரிடமும் அவர் மேப்பிள்டனைப் பற்றியே பேசினார். அவர் அவ்வளவு சிரித்து ஆர்லன் பார்த்ததில்லை. கிட்டப் போய்ச் சொல்ல மனம் வரவில்லை.

அடுப்பருகே ட்ரூடியின் கணவர் லைல், கறியைப் புரட்டிக்கொண்டிருந்தார். சாதுவான மனிதர். ஆர்லன் அவரிடம் போய் நின்றார்.

"லைல், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோபப்படாதீங்க."

"சொல்லுங்க. ரொட்டி ரெண்டா, ஒண்ணா?"

"டெஸ்ஸாவுக்கு வின்ஃபோர்ட் கிடைக்கவே இல்ல. மானம் போகுமேன்னு நான் சொன்ன பொய்தான் எல்லாம். மேப்பிள்டன் வாசப்படியைக்கூட நான் மிதிச்சதில்ல. எல்லாம் நானா இட்டுக் கட்டினது. அதை நம்பி உங்க பையன் வாழ்க்கையை..."

லைல் கறியைத் தட்டில் எடுத்து வைத்தார். கூட்டத்துக்கு நடுவே சிரித்துக்கொண்டிருந்த மனைவியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இதை ட்ரூடிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க ஆர்லன். வின்ஃபோர்ட்டுக்கு அவ ரெண்டு வாரப் பயிற்சிக்குப் போயிட்டு அந்தக் கொடியை வாங்கிட்டு வந்தா, அவ்வளவுதான். தான் படிச்சது மேப்பிள்டன்லதான்னு வெளியே சொல்ல அவளுக்கு இப்பதான் தைரியம் வந்திருக்கு."