கத்தரிக்கோலுக்கு ஒரு பங்கு

மரக்காணம்,
சனிக்கிழமை காலை

வானூரில் கணக்கு வாத்தியாராக இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் பிரிட்டோ அவர்களுக்கு, உங்கள் தங்கை ஞானமேரியின் வீட்டுக்காரன் சவரிநாதன் வணக்கம் சொல்லி எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். அங்கே ரோஸ்லின் அக்காவுக்கு முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறோம். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

நாலாம் வகுப்பு படிக்கும் என் மகள் கிருபா நாலு நாளாக என்னோடு பேசுவதில்லை. வகுத்தல் பரீட்சைக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவள் நோட்டில் இருந்த கணக்கு இது: ‘ஆறு பிள்ளைகள் நட்சத்திரம் செய்கிறார்கள். அவர்களிடம் 24 வண்ணத்தாள், ஒரு கத்தரிக்கோல், ஒரு பசை டப்பா உள்ளன. தாள்களைச் சமமாகப் பிரித்தால் ஒருவருக்கு எத்தனை?’ இதெல்லாம் ஒரு கணக்கா மச்சான், நான் தினம் கரையில் மீன் பிரிக்கும்போது போடுகிற கணக்கு. போட்டுக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, அப்புறம்தான் ஆளுங்களுக்கு. கத்தரிக்கோல் இல்லாமல் தாளை எப்படி வெட்டுவது? அதனால் பிள்ளைகள் ஆறு, கத்தரிக்கோல் ஒன்று, பசை ஒன்று, ஆக எட்டுப் பங்கு, பங்குக்கு மூன்று தாள் என்றேன். பிள்ளையும் என்னை நம்பி, பாசிமணி கணக்கில் ஊசிக்கு ஒரு பங்கு, ரிப்பன் கணக்கில் ஸ்கேலுக்கு ஒரு பங்கு என்று தாராளமாகக் கொடுத்துவிட்டு வந்தாள். பத்துக்குச் சைபர். அவள் வாங்கின முதல் சைபர்.

டீச்சர் அம்சவல்லியைப் பார்க்கப் போனேன். “கத்தரிக்கோல் தாளை வச்சிக்கினு இன்னாங்க பண்ணும்?”னு கேட்டாங்க. “போட்டு மீனை வச்சிக்கினு இன்னா பண்ணுது, அதுக்குக் குடுக்கறோமே”ன்னேன். அந்தம்மா தலையில கை வச்சிக்கினு, அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி பரீட்சை வைக்கறேன், தயவுசெஞ்சு நீங்க மட்டும் சொல்லிக்குடுக்காதீங்கன்னுட்டாங்க. கிருபா பக்கத்துலயே நின்னு கேட்டுக்கினு இருந்தா. எனக்கு மனசே ஒடிஞ்சுபோச்சு. விடுவேனா, நோட்டைத் தூக்கிக்கினு கரைக்கும் உப்பளத்துக்கும் போய் எல்லார்கிட்டயும் நியாயம் கேட்டேன். எல்லாரும் மூணுதான்னாங்க. என் போட்டுல வர்ற கலியபெருமாள் மட்டும், “டீச்சர் சொன்னதை இன்னொரு வாட்டி சொல்லுண்ணே”ன்னான்.

ஆகையால், ‘சவரிநாதன் சொல்லிக்கொடுத்ததும் சரியான முறையே’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, முடிந்தால் சீலும் வைத்து, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும். மகள் முகத்தில் முழிக்க எனக்கு அது வேண்டும்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. மாதா உங்கள் வீட்டுக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
சவரிநாதன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் கடலுக்குப் போய்வந்தோம். இருபத்தெட்டுக் கூடை மத்தி, என்னையும் சேர்த்து ஆள் நாலு பேர். போட்டு, எஞ்சின், வலை மூன்றும் என்னுடையது, எனவே ஏழில் நாலு பங்கு, பதினாறு கூடை எனக்கு வரவேண்டும். கலியபெருமாள், “டீச்சர் கணக்குதான்ணே சரி, ஆளுங்களுக்கு மட்டும் பிரிப்போம்” என்று சொல்லி, சாப்பாடு கொண்டுவந்த கிருபாவையே பிரிக்கச் சொன்னான். அவள் மணலில் விரலால் கணக்குப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து, “ஆளுக்கு ஏழுப்பா, மீதி இல்ல”ன்னா. சரிம்மான்னு ஏழையே தூக்கிக்கினு வந்தேன். கையெழுத்து, சீல் எதுவும் வேணாம் மச்சான், புள்ள பேசிட்டா.