வானிலை அறிக்கையின் கடைசி வரி

வானிலை அறிக்கையை அரைகுறையாக விளங்கிக்கொண்டவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் ஊருக்கு நல்லது. நான் மூடிக்கொண்டிருக்கவில்லை. அண்ணனுக்கு, எங்கள் நானாவுக்கு, மாப்பிள்ளை வீட்டார் வைக்கும் வலீமா கலியாண விருந்தை எங்கே வைப்பது என்று வாப்பாவுக்கு யோசனை சொல்லப் போனேன்.

உயர்தரப் பரீட்சையில் புவியியலுக்கு ஏ எடுத்திருந்த காலம் அது. (அந்த ஓர் எழுத்தைக் கிரீடமாக வைத்துக்கொண்டு திரிந்தேன்.) காலையில் கைபேசியில் அறிக்கையைப் பார்ப்பேன். பிறகு தாழமுக்கம் என்றால் என்ன, 'ஆங்காங்கே மழை' என்றால் என்ன என்று எங்கள் ஊரான குறிஞ்சிப்பிட்டியில் அகப்பட்டவர்களுக்கெல்லாம் விளக்குவேன்.

வாப்பா மண்டபம் எடுக்கத்தான் நினைத்திருந்தார். மாம்புரியிலிருந்து பெண்வீட்டார் முதன்முதலாக எங்கள் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். அவர்கள் முன்னால் ஒரு குறையும் வரக்கூடாது என்று நாலு நாளாக அவருக்கு உறக்கமில்லை. கடல்நீர் ஏரியான களப்பின் ஓரத்துத் தென்னந்தோட்டத்தில் பந்தல் போட்டால் காற்றோட்டமாக இருக்கும் என்றேன்.

"மழ வந்தா என்ன செய்ற புள்ள?"

"வராது வாப்பா. ஆங்காங்கே எண்டா எல்லா எடத்துலயும் இல்ல. களப்புக்கு அங்கால, உள்ளுக்குள்ள பெய்யும். இஞ்ச பெய்யாது."

"காத்து?"

"கொஞ்சக் காத்துதான். பாய் கூட அசையாது."

அறிக்கையின் அடியில் இன்னொரு வரியும் இருந்தது. இடிமழை நேரங்களில் தற்காலிகமாகப் பலத்த காற்று வீசலாம், அவதானம் என்று. ஏப்ரல் மாதத்தில் அது ஒவ்வொரு நாளும் வரும். கடிதத்தின் முடிவில் 'இப்படிக்கு' என்று போடுவதுபோல இதையும் ஒரு மரியாதைக்குப் போடுகிறார்கள் என்று நினைத்து, வாசிப்பதையே விட்டிருந்தேன்.

பகல் ழுஹர் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் பாய்களில் அமர்ந்தார்கள். ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாக உண்ணும் பெரிய சகன் தட்டுகள் வந்தன. வாப்பாவும் மணமகளின் வாப்பாவும் ஒரே சகனில். நாங்கள் பெண்கள் துணித் திரைக்கு இந்தப் பக்கம்.

அப்போதுதான் களப்புக்கு அப்பால் அந்த முகிலைக் கண்டேன். அடி கறுத்து, உடல் வெள்ளை வெளேரென்று உயர்ந்து, இனிப் போக இடமில்லை என்பதுபோல் உச்சியில் தட்டையாகப் பரந்திருந்தது. பாடப்புத்தகத்தில் அதைக் கட்டைவிரல் அளவில்தான் பார்த்திருந்தேன். சுப்ஹானல்லாஹ் என்று வாய் தானாகச் சொன்னது. (உடனே பக்கத்திலிருந்த சாச்சிக்கு விளக்கமும் சொன்னது: "அதுதான் இடிமுகில். அங்க பெய்யும், இஞ்ச பெய்யாது.")

பெய்யவில்லைதான். ஆனால் அங்கே பெய்யும் மழை குளிர்ந்த காற்றையும் கீழே இழுத்து வருகிறது. தரையில் மோதிய காற்று நாலாபுறமும் ஓடுகிறது, மழையே இல்லாத ஊர்களுக்கும். இதையெல்லாம் பிறகுதான் படித்தேன். அன்று கண்டது, களப்புத் தண்ணீரில் ஒரு கறுத்த கோடு எங்களை நோக்கி வந்ததை மட்டும்தான். ஓலைகள் அசையவில்லை. வெக்கை சட்டென்று குளிர்ந்தது. சத்தம் போட வேண்டிய நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு அழகாக இருந்தது.

முதலில் பந்தலின் கூரைப் படங்கு எழுந்து தோட்டத்தைத் தாண்டிப் போனது. அதன் பின்னால் எங்கள் திரை. பிறகு மணல் வந்தது.

திரை போனதால்தான் அதைப் பார்த்தேன். யாரும் எழுந்து ஓடவில்லை. ஒவ்வொரு சகனிலும் ஆறு பேரும் தோளோடு தோள் சேர்த்துத் தட்டின் மேல் கவிழ்ந்துவிட்டார்கள். வாப்பாவும் புதுச் சம்பந்தியும் நெற்றியோடு நெற்றி முட்டியபடி, முதுகெல்லாம் மணலாக, சோற்றைக் காத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

காற்று ஓய்ந்ததும் சம்பந்தி தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு, "ஒங்கட புள்ள சொன்னது சரிதான். ஒரு துளி பெய்யல்ல" என்றார். அத்தனை நாளாகச் சிரிக்காத வாப்பா அன்று சிரித்தார்.

இப்போதும் எங்கள் குடும்ப விருந்தில், ஏசி போட்ட மண்டபமாக இருந்தாலும், சகன் மூடியைத் திறந்ததும் ஆறு பேரும் ஒருமுறை குனிந்து நெற்றி முட்டிவிட்டுத்தான் கை வைப்பார்கள். திருமணமான புதிதில் என் கணவரும் மரியாதையாகக் குனிந்தார். அது இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம் என்றே இன்றுவரை நம்புகிறார். ஊருக்கெல்லாம் விளக்கும் நான் அவருக்கு இதை மட்டும் விளக்கவில்லை.