இடங்கொடாள் மாறிக்கு மதிப்பளித்த படலம்

வாழ்க அவள்! ஒற்றுப்பிழைகளின் கூற்றுவனாய், காற்புள்ளிகளின் காவல்தெய்வமாய், அச்சகத்து மாடியறையில் சிவப்புப் பேனா ஏந்தி வீற்றிருக்கும் பிழைதிருத்தி வாழ்க! தேவையற்ற இடைவெளி எங்கே தென்பட்டாலும் பாய்ந்து சென்று, பிரிந்து கிடக்கும் சொற்களைப் பிடரியில் அறைந்து ஒட்டவைப்பவள் ஆதலால், ‘இடங்கொடாள்’ என்று சக ஊழியர்களால், அவள் அறையில் இல்லாதபோது மட்டும், போற்றப்படும் அப்பெருமாட்டியின் வீரத்தைச் சொல்லப் புகுகிறேன். கேட்பவர்கள் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள்.

அவளுக்கு ஓர் எதிரி உண்டு. எதிர் மேசையிலேயே உண்டு. கணவனின் தங்கை, தொழிலோ பக்க வடிவமைப்பு, நான்கு வரிச் செய்திக்கு ஒரு முழுப் பக்கத்தைத் தாரை வார்க்கும் வெற்றிடத்தின் பேரரசி! நாத்தனார் திறந்துவிட்ட இடத்தையெல்லாம் அண்ணி அடைப்பதும், அண்ணி அடைத்ததை நாத்தனார் மறுபடி திறப்பதுமாக மூண்ட அம்மாபெரும் போர், வீட்டில் பாத்திர அலமாரி வரைக்கும் பரவியிருந்தது.

அச்சகத்தாருக்கென்று கணினியில் ஓர் அரட்டை அறை இருந்தது. வெள்ளிதோறும் டீ நேரத்தில் அங்கே சொற்புதிர்ப் போட்டி நடக்கும். அட்மினாக அமர்ந்து கேள்வி கேட்பவளும் இடங்கொடாளே, புள்ளி போடுபவளும் அவளே. “ஓரவஞ்சனை!” என்று ஒருநாள் நாத்தனார் குமுறவே, மேசை அதிர எழுந்தாள் இடங்கொடாள், எழுந்து, எட்டுத் திக்கும் கேட்கச் சபதம் செய்தாள்:

“இனிமே நான் புள்ளி போடல. மெஷினே போடும். வர்ற வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அது ஒழுங்கா புள்ளி சொல்லலைன்னா, அட்மினா நீயே இருந்துக்கோ!”

வந்தது வெள்ளி. நாலு மணி நெருங்கிக்கொண்டிருக்க, அரட்டைச் செயலிக்குக் கட்டளை எழுதும் ஸ்கிரிப்ட் மொழியைத் திரையில் திறந்தாள். அம்மொழியில் ஒரு மதிப்பைப் பெற்று வைத்துக்கொள்ளும் பெயருக்கு ‘மாறி’ என்று பட்டம். அதன் தலையில் சதவீதக் குறியை மகுடமாகச் சூட்டி, பக்கத்தில் சமக்குறி இட்டு, மதிப்பைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. பத்து விரல்களும் பத்துத் தேர்களாய்ப் பாய, அவள் அடித்தாள்:

%புள்ளி=10

பின்பு, புள்ளியைச் சொல் என்று ஆணையிட்டாள். ‘புள்ளி:’ என்றது செயலி. அதற்கப்புறம் ஒன்றுமே சொல்லவில்லை.

ஆ, என்ன அவமதிப்பு! மதிப்புக் கொடுத்தும் வாங்கிக்கொள்ளத் தெரியாத மாறி இந்த உலகில் உண்டோ! பத்து போதாதென்று நூறு கொடுத்தாள், அதுவும் பலிக்காமல் பத்துக்கே திரும்பினாள். மகுடத்தைக் கழற்றி மறுபடி சூட்டினாள். கெஞ்சினாள், கொஞ்சினாள், கணினியின் முதுகில் ஒன்று வைத்தாள். ‘புள்ளி’யின் மேல் புள்ளி விட்டுப்போயிற்றோ என்று மூக்கு திரையில் இடிக்கத் தேடினாள். பெயர்தான் மாறி, மாறவே மாட்டேன் என்றது அந்தப் பாவி! ஊரார் எழுத்தில் ஓர் ஒற்று தொலைந்தாலும் மோப்பம் பிடிக்கும் அவ்விழிகளுக்குத் தன் வரியில் ஒரு குறையும் புலப்படவில்லை. துளிச் சந்து இல்லாமல், நெருக்கமாக, அத்தனை லட்சணமாக இருந்தது அது. எனக்கே அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

நாலடித்தது. நாத்தனார் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். சும்மா நின்றிருந்தாலே போதும், பதவி தானாக வந்து மடியில் விழுந்திருக்கும்! ஆனால், ஓரம் விட்டு, நடு விட்டு, மேலும் கீழும் விட்டே வாழ்ந்த அவ்வுள்ளம், திரையில் நசுங்கிக் கிடந்த வரியைக் கண்டு பதைபதைத்தது. வாய் தன்னை மறந்து திறந்தது:

“ஐயோ அண்ணி, அந்த ஈக்வல் குறியப் போட்டு ஏன் இப்படி நசுக்குறீங்க? ரெண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விடுங்க, பார்க்கவே மூச்சு முட்டுது!”

அழகுக்காகத்தான் சொன்னாள், ஸ்கிரிப்டின் அரிச்சுவடிகூட அவளுக்குத் தெரியாது. இவள் வாயை அடைத்தால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, இடங்கொடாள் விசைப்பலகையின் அந்த நீண்ட விசையை இப்புறம் ஒருமுறை, அப்புறம் ஒருமுறை தட்டினாள்.

%புள்ளி = 10

அதுவரை வரி மொத்தத்தையும் ஒரே நீண்ட பெயராக வாசித்துக்கொண்டு விழித்த செயலிக்கு, பெயர் எது, மதிப்பு எது என்று அக்கணமே விளங்கியது. ‘புள்ளி: 10’ என்று அது முழங்க, கீழ்த்தளத்து அச்சு இயந்திரங்கள் முரசறைய, மின்விசிறி மேசைத் தாள்களை வாரி மலர்மாரி பொழிய, வெற்றித்திருமகளாய் நிமிர்ந்த இடங்கொடாள் பிரகடனம் செய்தாள்:

“அட்மின் நான்தான்! எல்லாரும் உள்ள வாங்க, முதல் கேள்வி!”

நாத்தனார், “நானே சொல்லித் தொலைச்சுட்டேன்” என்று தலையில் அடித்துக்கொண்டு, ரெண்டு பேருக்கும் டீ வாங்கப் போனாள்.