ட்ரை என்றால் காயப்போடு

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று வாலிப வயதில் ஊரே நம்பியது. எல்லாரையும்விட அதிகமாக நம்பியவன் நான்தான்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தேன். புது முறையில் தோல் பதனிடச் சொல்லிக்கொடுக்க, வேல்ஸ் தேசத்திலிருந்து ஈவன் துரை வந்து சேர்ந்தார். (அவரை இங்கிலாந்துக்காரர் என்று சொல்லிவிடக் கூடாது, மூக்கு சிவந்துவிடும்.) அவர் ஊரில் பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக் கிளப் ஒன்றை ஆரம்பித்து, ஒரே வருஷத்தில் மூடிவிட்டார்களாம். ஷாப்புக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில், எங்களை வைத்து மறுபடி ஆரம்பித்தார்.

ரூல்களை மொழிபெயர்ப்பது என் வேலை. "பந்தோடு ஓடி, எதிராளியின் கோட்டைத் தாண்டி, தரையில் வைத்தால் ட்ரை," என்றார் துரை. 'தோலை ட்ரை பண்ணு' என்று ஷாப்பில் நாள் முழுக்கக் காதில் விழுகிற வார்த்தை ஆயிற்றே. "கோட்டத் தாண்டனதும் பந்தக் கீழ காயப்போடணும்," என்றேன் கம்பீரமாக. பந்தும் தோல்தான் என்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பயிற்சி நடந்ததெல்லாம் வெயில் காலம். எல்லாரும் ஒழுங்காகத் தரையில்தான் வைத்தார்கள்.

மைதானம் ஷாப் முதலாளி சாயபுவுடையது. தோல் உலர்த்த இடம் பத்தவில்லை என்று அவருக்கு ஒரே பேஜார். காட்பாடி ரயில்வேக்காரர்களோடு மேட்ச் வைத்தபோது கறாராகச் சொல்லிவிட்டார்: "ஒரே ஒரு ட்ரை போடுங்க, கிரவுண்டு உங்களுது. இல்லாட்டி திங்கக்கெழமலேர்ந்து அங்க தோல் காயும்."

மேட்ச் அன்றைக்கு மழை. எங்களைத் துவைத்து எடுத்தார்கள். நான் பந்தைத் தொட்டது மூக்கால் மட்டும்தான். முடிகிற நேரத்தில் பந்து கரீம் பாயிடம் சிக்கியது. ஊறின மாட்டுத்தோலைத் தனியாளாகத் தூக்குகிறவர். தூக்கிவிட்டு ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறவர். அவர் அளந்தது அத்தனையும் நிஜம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இடுப்பில் ஒருத்தன், காலில் ஒருத்தன், முதுகில் ஒருத்தன் தொங்க, அவர்பாட்டுக்குச் சேற்றில் ஓடினார். நானும் ஆட்டக்காரன் என்பதையே மறந்து வாயைப் பிளந்து நின்றேன். ஒரு மனுஷ உடம்புக்குள் இவ்வளவு பலம் இருக்குமா என்று மெய் சிலிர்த்தது. துரை தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதார்.

கரீம் பாய் கோட்டைத் தாண்டினார். கீழே பார்த்தார். கணுக்கால் ஆழத்துக்குச் சேறு.

"ட்ரை! ட்ரை!" என்று துரை கத்தினார்.

"கேக்குது தொரெ," என்ற கரீம் பாய், நிற்காமல் மைதானத்தை விட்டே வெளியேறி, ஷாப் கொட்டகைக்குள் புகுந்து, தோல் தொங்கவிடும் மூங்கிலில் பந்தைக் கட்டித் தொங்கவிட்டார். முதுகில் தொங்கியவன் அதுவரை கூடவே போனான்.

ட்ரை கிடையாது என்றார் நடுவர்.

"இன்னா பாய், கீழ வெச்சா போதுமே," என்றேன் அழாக்குறையாக.

"சேத்துல எவனாவது தோல காயப்போடுவானா? நீதான ரைட்டரே காயப்போடச் சொன்ன?"

அவர் என்ன சொல்கிறார் என்று துரை கேட்டார். சொன்னேன். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே சரியான மொழிபெயர்ப்பு அதுதான். துரை கரீம் பாயின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இப்படி ஓர் ஓட்டத்தை எங்கள் ஊரிலேயே நான் பார்த்ததில்லை," என்றார்.

திங்கட்கிழமை மைதானத்தில் தோல் காய்ந்தது. கிளப் கதை அதோடு சரி.

என் கல்யாணத்துக்கு வந்த கரீம் பாய், பிரியாணி வேகிற நேரத்துக்குள் எல்லாவற்றையும் என் மனைவியிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் நான் எந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் சொன்னாலும், அவள் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு கேட்பாள்:

"வெயில்லயா, நெழல்லயா?"