கைதட்டினால் வரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. உன் அக்கா நலம். உங்கள் பிரார்த்தனை மன்றத்தின் கணக்கைப் படிக்கும்வரை நானும் நலமாகத்தான் இருந்தேன்.

கூரை மாற்ற வங்கிக் கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போடாவிட்டால், மாதக் கடைசியில் கட்டட அதிகாரி மன்றத்தைப் பூட்டிவிடுவார் என்று எழுதி, தலைவர் என்ற முறையில் பன்னிரண்டு வருடக் கணக்கையும் அனுப்பியிருந்தாய். கடையில் ஆணி நிறுத்துக்கொண்டே படித்தேன். ஏட்டில் இருப்பு ஏழு லட்சம். ஏழு லட்சம் வைத்திருப்பவர்கள் எதற்கு வாளியை வைத்து மழையைப் பிடிக்கிறார்கள் என்று குழம்பி, உங்கள் பொருளாளருக்கு, எதற்கும் "ஆகட்டும்" என்பாரே, அவருக்கு, போன் போட்டேன்.

"பணம் எங்கேங்க?"

"வந்துடும்."

"வராததை எப்படி வரவுல எழுதினீங்க?"

"நன்கொடை தர்றேன்னு எழுந்து நின்னு மைக்ல சொன்னாங்க, எல்லாரும் கை தட்டினோம். அப்புறம் எழுதாம விட்டா மரியாதையா இருக்குமா?"

கேட்டாயா கதையை! விலை கேட்டுப் போனவனையெல்லாம் நான் விற்பனையில் எழுதியிருந்தால் இந்நேரம் கப்பல் வாங்கியிருப்பேன். முதல் வருடம் அறிவிப்பு பத்தாயிரம், வந்தது எட்டாயிரம். ஐந்தாம் வருடம் அறிவிப்பு ஐம்பதாயிரம், வந்தது ஆறாயிரம். போன வருடம் அறிவிப்பு ஒரு லட்சம், வந்தது நான்காயிரமும் ஓடாத சுவர்க் கடிகாரம் ஒன்றும். வருடா வருடம் பணம் இளைக்கிறது, கைதட்டல் கொழுக்கிறது. கேட்டு வாங்கினால் என்ன என்றேன். "சாமி காரியத்துக்குப் போய் வட்டிக்காரன் மாதிரி வாசல்ல நிக்கச் சொல்றீங்களா?" என்கிறார். மழை மட்டும் மரியாதை பார்த்தா உள்ளே வருகிறது? சைக்கிளில் ஆணி விற்ற காலத்தில் அரை கிலோ பாக்கிக்கு நாலு மைல் மிதித்தவன் நான். மைக்கைக் கண்டதும் வள்ளலாகி, செருப்பை மாட்டும்போதே மறந்துவிடுகிற ஆட்களை நான் மனிதர்களாகவே மதிப்பதில்லை. கையெழுத்துக் கிடையாது. பூட்டிவிட்டுச் சாவியை அதிகாரியிடம் கொடு.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. சின்னவளுக்கு ஆசீர்வாதம், அவளைக் கணக்கு மட்டும் உங்கள் மன்றத்தில் படிக்க வைக்காதே.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: இதை உன் அக்காவிடம் படித்துக் காட்டினேன். கல்லாவுக்கு மேலே தொங்கும் என் படத்தைக் காட்டினாள். உங்கள் மன்றத்தில் எடுத்தது, கையில் மைக். "அன்னிக்கு என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?" என்றாள். ஏட்டை மறுபடி புரட்டினேன். முன்பு தொகையை மட்டும் கூட்டினேனே தவிரப் பெயர்களைப் பார்க்கவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால், "கூரை முழுவதும் தலைவரின் அத்தான் செலவு, நான்கு லட்சம்." கடன் வேண்டாம். வியாழக்கிழமை தகரமும் ஆட்களும் வந்து இறங்குவார்கள். தயவுசெய்து யாரும் கை தட்ட வேண்டாம். உங்கள் 'ஆகட்டும்' பொருளாளர் இன்னொரு தடவை வரவு எழுதிவிடுவார்.