கோழி மேல் உட்கார்ந்த மாப்பிள்ளை

எனக்கு ஒரு வியாதி இருந்தது. உடைந்த மரச்சாமான் எதைப் பார்த்தாலும் அதில் ஒரு சிற்பம் தெரியும். (சாமானுக்குச் சொந்தக்காரர் மட்டும் தெரியமாட்டார்.)

கல்லூரிக் கடைசி வருஷம், அஸ்தம்பட்டியில் கண்காட்சி. கழித்துப்போட்ட மரத்தில் இடுப்புயரக் கோழி செய்வதாகப் பெயர் கொடுத்துவிட்டு, மரம் தேடி எருமப்பட்டிப் பெரியப்பா வீட்டுக்கு ஓடினேன்.

"பரண்ல வேண்டாததாப் பாத்து எடுத்துக்க சாமி" என்றார். தூசி படிந்ததெல்லாம் வேண்டாதது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கட்டில் கால்கள் கோழிக்குக் கால்களாயின. அகப்பைக் காம்புகள் வாலாயின. கறுத்த முக்காலி ஒன்று முதுகுக்கு அளவெடுத்தாற்போல் பொருந்தியது. அதன் ஒரு காலை அறுத்து அலகு செய்தேன். மிச்சத்தைப் பசை தடவித் திருகாணி போட்டு முறுக்கினேன். கழுத்தில் ஓர் அட்டை: 'யாருக்கும் வேண்டாதவை'. வாசித்துவிட்டு நானே கண் கலங்கினேன்.

பெரியப்பா மகன் கார்த்தி அண்ணன் கல்யாணத்துக்கு முதல் நாள் பெரியம்மா போன் செய்தார்.

"ஏஞ்சாமி, பரண்ல இருந்த முக்காலியப் பாத்தியா? நம்ம பங்காளிக ஊட்டு மாப்பிள்ளையெல்லாம் அதுல உக்காந்துதான் சீர் செய்யோணும்."

"அது... கோழிக்குள்ள இருக்குதுங்க பெரியம்மா."

"எந்தக் கோழி?"

ஆசாரி வந்து பார்த்து, "கழட்டுனா பலகை பொளந்துருமுங்க" என்று கைவிரித்தார். ஆகவே முழுக் கோழியும் குட்டியானை வண்டியில் ஏறி, ராசிபுரம் வழியாகக் கல்யாணத்துக்கு வந்தது.

பந்தலில் பெரியப்பா அறுபட்ட இடத்தை விரலால் தடவினார். "எங்கப்பன் உக்காந்ததுடா" என்றார். அவ்வளவுதான். நாலு அறை கொடுத்திருக்கலாம்.

"நேரம் போகுதுங்கப்பா, நான் ஏறிக்கறேன்" என்று கார்த்தி அண்ணன்தான் முன்னால் வந்தார். பெரியம்மா கோழி மேல் வெள்ளை வேட்டியை விரித்தார். இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, மாப்பிள்ளை கால் தரையில் படாமல் உட்கார்ந்தார். நான் சமையல் பந்தலுக்குப் பின்னால், குண்டான்களோடு குண்டானாக நின்றேன்.

ஆல்பத்தில் வேட்டிக்கு வெளியே அலகு நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் கீழே, அண்ணனுக்கே எழுதி மாட்டியதுபோல், நான் கழற்ற மறந்த அட்டை.

அதற்கப்புறம் இரண்டு பங்காளி மாப்பிள்ளைகள் அதில் ஏறி இறங்கிவிட்டார்கள். அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். நேற்று பத்திரிகை வைக்கப் போனேன். கார்த்தி அண்ணன் மனைவி காபியை நீட்டிக்கொண்டே சொன்னார்:

"கோழியத் தொடச்சு வெச்சாச்சு தம்பி. அட்டைய மட்டும் அப்படியே உட்டுட்டேன்."