வாய்க்கால் அவர்கள் காலமானபோது

எங்கள் வட்டாரத்தில் மைக் செட் அண்ணன் குரல் கேட்காமல் யாரும் காது குத்திக்கொண்டதில்லை, கல்யாணம் செய்துகொண்டதில்லை, செத்துப்போனதும் இல்லை. அவர் சொல்லாமல் யாராவது செத்திருந்தால் ஊர் அதை நம்பியிருக்காது.

அவருக்கு வேறு பெயர் இருக்கத்தான் வேண்டும். ஆனால் கும்பகோணத்துக்கு வெளியே, வலங்கைமான் சாலையை ஒட்டிய எங்கள் அன்னம் நகரில் அது யாருக்கும் தெரியாது. ஒரு ஆட்டோ, அதன் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், உள்ளே அவர். காலையில் சாவு அறிவிப்பு, சாயங்காலம் கல்யாண வரவேற்பு, நடுவில் கோயில் திருவிழா. முப்பது வருஷம் மைக்கில் பேசியதில் சாதாரணமாகப் பேசுவது எப்படி என்பதே அவருக்கு மறந்துவிட்டது. கடையில் அரை மூடி தேங்காய் வாங்குவதற்கும் "பேரன்புமிக்க கடைக்காரர் அவர்களே" என்றுதான் தொடங்குவார்.

இந்த மனிதரை நான் ஒரு ஃபோன் குரூப்பில் சேர்த்தேன். தவறு முழுக்க என்னுடையது.

மென்பொருளில் தவறு கண்டுபிடிப்பது என் தொழில். வீட்டிலிருந்தே வேலை பார்த்த இரண்டு வருஷத்தில், எங்கள் நகரின் இருபத்தெட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு குரூப் ஆரம்பித்தேன். மூன்று விதி போட்டேன். ஒன்று, நகர் விஷயம் மட்டும். இரண்டு, குட்மார்னிங் படம் கூடாது. மூன்று, எதையும் எழுத்தில், சுருக்கமாக. முதல் இரண்டு விதிகளை நகர்த் தலைவர் பாஸ்கர் சார் மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு ஒற்றை ரோஜாப்பூவால் உடைத்தார். மூன்றாவதை மைக் செட் அண்ணன் ஐந்தே முக்காலுக்கு உடைத்தார்.

அவருடைய வாய்ஸ் மெசேஜ் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். முதலில் ஃபோனுக்குள் மூன்று முறை ஊதுவார். பிறகு, "ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ." பிறகு, "அன்னம் நகர் வாழ் பெரியோர்களே, தாய்மார்களே, வாலிப நெஞ்சங்களே." அப்புறம் வானிலை. கடைசியில்தான் விஷயம்.

"...நமது நகரின் நுழைவாயிலில் சமையல் எரிவாயு வண்டி வந்து நிற்கிறது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

மூன்று நிமிடம் நாற்பது விநாடி. அதைக் கேட்டு முடித்து நாங்கள் வாசலுக்கு ஓடுவதற்குள் கேஸ் வண்டி வலங்கைமான் போய்ச் சேர்ந்திருக்கும்.

எதிர்வீட்டு சரோஜா அக்காவின் பூனை காணாமல் போனபோது அவர்தான் குரூப்பில் அறிவித்தார். "வெள்ளை நிறம். இடது காது மட்டும் கருப்பு. தன் பெயரைச் சொல்லத் தெரியாது. கண்டெடுத்தவர்கள் உடனடியாக விழா மேடைக்கு அழைத்து வரவும். தாயார் சரோஜா கண்ணீருடன் காத்திருக்கிறார்."

"எந்த மேடைண்ணே?" என்று கேட்டேன்.

"பழக்கத்துல வந்துருச்சு, அட்மின் அம்மா. பூனையும் வந்துருச்சு. அத விடுங்க."

ஒரு நாள் பொறுமை இழந்து, அட்மின் மட்டுமே பேசலாம் என்று குரூப்பை மாற்றினேன். அன்று முழுவதும் அமைதி. என்னை நானே மெச்சிக்கொண்டேன். மறுநாள் காலை, "வடிகால் பற்றிய கருத்துகளை எனக்குத் தனியாக அனுப்பவும்" என்று ஒரு வரி போட்டேன். ஒரு நிமிடம் கழித்து அவர் வீட்டு மொட்டை மாடியிலிருந்து மூன்று ஊதல் கேட்டது.

"ஹலோ... ஹலோ... அட்மின் அம்மா அவர்களின் கனிவான கவனத்திற்கு! தாங்கள் சற்று முன் அனுப்பிய செய்திக்கு எனது பதில்..."

பதில் நான்கு தெருவுக்குக் கேட்டது. பத்து நிமிடத்தில் குரூப்பைப் பழையபடி திறந்துவிட்டேன்.

அந்த வடிகால்தான் என் கவலை. அன்னம் நகர் ஒரு காலத்தில் இருபோகம் விளைந்த வயல். மனை போட்டு, வீடு கட்டி, வாசலில் கோலமும் போட்டாகிவிட்டது. ஆனால் நிலத்துக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. ஐப்பசி பிறந்தால் அது தன்னை வயல் என்றே நினைத்துக்கொள்ளும். தண்ணீரை வெளியே கொண்டுபோக இருந்த ஒரே வாய்க்காலை ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் நாங்கள் போட்ட பிளாஸ்டிக்கும் அடைத்துக் கிடந்தன. எங்கள் வீடு தெருவின் கடைசி, பள்ளத்தில் இருக்கிறது. முந்தைய வருஷம் கூடத்தில் முழங்கால் தண்ணீர். அம்மா கட்டிலின் மேல் ஸ்டூல் போட்டு, அதன் மேல் அடுப்பை வைத்துச் சமைத்தாள்.

"இந்த வருஷமும் தண்ணி உள்ள வந்துச்சுன்னா வீட்ட வித்துருவோம். திருச்சில மாடி வீடா பாத்துக் குடி போயிருவோம்," என்று அம்மா சொல்லிவிட்டாள். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். நிதானமாகச் சொன்னாள். மஸ்கட்டில் இருக்கும் அப்பா பதினெட்டு வருஷ வெயிலில் நின்று கட்டிய வீடு அது. ஃபோனில் அவர், "அம்மா சொல்றபடி செய்ங்க" என்றார். பிறகு, கூடத்துச் சுவரில் ஈரம் காய்ந்ததா என்று கேட்டார்.

நான் வேலையில் இறங்கினேன். வாய்க்காலை அளந்து வரைபடம் போட்டேன். இணையத்தில் ஒரு படிவம்: யார் வருவார்கள், யாரிடம் மண்வெட்டி இருக்கிறது, யாருக்கு முதுகுவலி. ஞாயிறு காலை ஏழு மணிக்கு வர முடியுமா என்று ஒரு வாக்கெடுப்பு. இருபத்தாறு பேர் 'வருகிறேன்' என்று அழுத்தினார்கள். ஒருவர் கைகூப்பினார். பாஸ்கர் சார் ரோஜா அனுப்பினார்.

ஞாயிறு ஏழு மணிக்கு வாய்க்கால் கரையில் மூன்று பேர் நின்றோம். நான், அம்மா, மைக் செட் அண்ணன். அடுத்த ஞாயிறும் அதே மூன்று பேர். பாஸ்கர் சாருக்கு ஒரு நிச்சயதார்த்தம், சரோஜா அக்காவுக்கு வேளாங்கண்ணி பயணம், மற்றவர்களுக்கு மற்றவை.

அண்ணன் ஒரு கொத்து ஆகாயத்தாமரையைப் பிடுங்கிக் கரையில் போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"அட்மின் அம்மா, தப்பு உங்க கிட்டதான் இருக்கு."

"என்னண்ணே தப்பு? ரெண்டு தடவ ஞாபகப்படுத்தி மெசேஜ் போட்டேனே."

"நீங்க நல்லதுக்குக் கூப்புடுற மாதிரி கூப்புடுறீங்க. நல்லதுக்கு வராம இருக்க நம்மாளுக்கு ஆயிரம் சாக்கு கெடைக்கும். கெட்டதுக்குன்னா சொல்லாமலே வந்துருவான். மழைக்கு இன்னும் எத்தன நாள் இருக்கு?"

"பத்து நாள்."

"வர்ற ஞாயித்துக்கெழம என் கிட்ட விடுங்க."

நான் விட்டிருக்கக் கூடாது. வேறு வழி தெரியாததால் விட்டேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவர் ஆட்டோ நகரைச் சுற்றக் கிளம்பியது. சாவுக்கு அவர் வைத்திருக்கும் குரல் தனி. கரகரப்பாகத் தாழ்ந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு பெருமூச்சு விடும். கேட்டால், செத்தவரைத் தெரியாதவரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

"கண்ணீர் அறிவிப்பு... அன்னம் நகரில்... நீண்ட காலமாக நம்மோடு வாழ்ந்து... நம் எல்லோருடைய அழுக்கையும் சுமந்து... சில காலமாகவே மூச்சுவிட முடியாமல் அவதிப்பட்டு வந்த..."

இதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. சாவு அறிவிப்பில் பெயர் வரும் வரை நின்று கேட்கும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. சட்டையைத் தேடப் போய்விடுவார்கள். எந்த வீடு என்பதை ஆட்டோ நிற்கும் இடம் சொல்லும். ஆட்டோ வாய்க்கால் கரையில் நின்றது.

கால் மணி நேரத்தில் வீட்டுக்கு ஒருவர் வந்துவிட்டார்கள். சில வீட்டில் இரண்டு பேர். ஒருவர் பாதி முகம் மட்டும் சவரம் செய்திருந்தார். இரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இன்னொருவர் கேன் நிறையக் காபி கொண்டுவந்தார். பாஸ்கர் சார் கையில் ஆளுயர மாலை இருந்தது. அந்த நேரத்தில் அது எங்கே கிடைத்தது என்று இன்றுவரை தெரியவில்லை. யார் எதைக் கொண்டுவருவது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. என் படிவத்தில் பதினோரு கேள்வி இருந்தது.

"யாருங்க? யாரு போயிட்டாங்க?" சரோஜா அக்கா தலைமுடியை அள்ளிச் செருகியபடி ஓடிவந்தார். வரும்போதே பாதி அழுகை வந்திருந்தது.

அண்ணன் மைக்கை வாயருகே கொண்டுபோய், மீதியைப் படித்தார். "...அன்னம் நகர் வடிகால் வாய்க்கால் அவர்கள் இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். அன்னாரின் உடல் இதோ, உங்கள் முன்னால் கிடக்கிறது."



"யோவ்!" என்றார் பாஸ்கர் சார். "சாவுல வெளையாடுற ஆளாய்யா நீ? அட்மின் என்ன பண்ணிக்கிட்டு இருக்காங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு பேர் நாற்காலிகளைத் திரும்பத் தூக்கினார்கள். முடிந்தது, வீட்டுக்கு விலை பேச வேண்டியதுதான் என்று நினைத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது சரோஜா அக்கா சொன்னார்: "அது சரி, இப்ப எப்புடி வீட்டுக்குப் போறது?"

"நடந்துதான்," என்றார் பாஸ்கர் சார்.

"சாவுன்னு நெனச்சுக் கெளம்பி வந்தாச்சுல்ல சார்? தலைக்குக் குளிக்காம உள்ள போவீங்களா? உங்க வீட்டம்மா விடுவாங்களா?"

பாஸ்கர் சார் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி வாசலில் ஒரு வாளித் தண்ணீரோடு ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்.

"எப்புடியும் குளிக்கத்தான் போறோம். அழுக்காயிட்டே குளிப்போமே," என்று சொல்லிவிட்டு சரோஜா அக்கா புடவையை இழுத்துச் செருகி வாய்க்காலில் இறங்கினார். பெண்பிள்ளை இறங்கியபின் கரையில் நிற்க ஆண்பிள்ளைகளுக்குக் கூச்சம். மண்வெட்டிகள் வந்தன. கடைசியாக பாஸ்கர் சார் மாலையை ஆட்டோவின் ஸ்பீக்கருக்குப் போட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். அண்ணன் கரையில் நின்று நேர்முக வர்ணனை செய்தார். "இதோ தலைவர் அவர்கள் இறங்குகிறார்கள்... வழுக்குகிறார்கள்... சமாளித்துவிட்டார்கள்." பதினோரு மணிக்கு மதகு வரை வழி தெரிந்தது. அன்று நகரில் எல்லோருக்கும் தலைக்குக் குளியல்.

மழை சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. தண்ணீர் எங்கள் கடைசிப் படிவரை ஏறி, யோசித்து, வாய்க்கால் பக்கம் திரும்பிப் போனது. நான்காம் நாள் அம்மா கொல்லையில் ஒரு கறிவேப்பிலைக் கன்று நட்டாள். திருச்சியைப் பற்றி அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். காய்ந்த கூடத்தின் படம், வேறொன்றும் இல்லை. அதை அவர் இன்னும் ஃபோன் முகப்பில் வைத்திருக்கிறார்.

குரூப்பின் மூன்றாவது விதியில் ஒரு வரி சேர்த்தேன்: ஒரு வீட்டுக்கு மட்டும் விலக்கு.

இப்போது அலுவலகம் என்னைச் சென்னைக்கு அழைத்துக்கொண்டுவிட்டது. பதினோராவது மாடி. வெள்ளம் வர வாய்ப்பே இல்லை. இங்கும் ஒரு குரூப் உண்டு. விதிகளை எல்லோரும் மதிக்கிறார்கள். ஊரில் மழை பிடிக்கும் நாட்களில் மட்டும் என் ஃபோனுக்குத் தனியாக ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும். "அட்மின் அம்மா அவர்களின் கவனத்திற்கு... வாய்க்கால் அவர்கள் நலம். தங்கள் தாயார் கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருக்கிறார்."

விஷயம் கடைசி பத்து விநாடியில்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த மூன்று ஊதலில் இருந்துதான் கேட்கிறேன்.